விடியக் காணாமல் போகும் ஒயில்: ட்ரை சம்ப் எஞ்சினோடு புதிதாகப் பழகுவோருக்கு

காலையில் கராஜைத் திறந்து, ஒயில் தாங்கியின் மூடியைக் கழற்றிக் கோலை விட்டுப் பார்த்தால், நேற்றிரவு இருந்ததைவிட மட்டம் நான்கு விரற்கடை குறைவு. காருக்குக் கீழே குனிந்து பார்த்தால் சீமெந்துத் தரை காய்ந்து கிடக்கிறது. ஹோஸ் ஒன்றிலும் ஈரம் இல்லை. "அண்ணை, எஞ்சின் ஒயிலைக் குடிச்சிட்டுது" என்று பொடியன் ஓடி வருவான். வரும்போதே கையில் புது ஒயில் கலன் இருக்கும்.

அந்தக் கலனை முதலில் வாங்கி ஓரமாக வையுங்கள். ஒயில் எங்கும் போகவில்லை. தாங்கியிலிருந்து இறங்கி எஞ்சினின் அடிச்சட்டிக்குள் படுத்திருக்கிறது. இதைத்தான் ட்ரை சம்ப் (ஒயிலை எஞ்சினுக்கு வெளியே தனித் தாங்கியில் வைத்திருக்கும் முறை) வண்டிக்காரர் ஒயில் இறக்கம் என்கிறார்கள். பழைய பிஎஸ்ஏ, நோர்ட்டன், ட்ரயம்ப் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த பெரியவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு இது புதினமே இல்லை. மாதக் கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணினால் வளவு முழுக்கப் புகை.

எங்கள் பக்கத்தில் நாம் பார்த்து வளர்ந்தவை எல்லாம் வெற் சம்ப். எம்டி 90 மோட்டார் சைக்கிள் ஆகட்டும், மசி பேர்கசன் உழவு இயந்திரம் ஆகட்டும், ஒயில் எஞ்சினுக்கு அடியிலேயே கிடக்கும். இரவு நிறுத்தினால் எல்லா ஒயிலும் வடிந்து அடிக்கு வரும். காலையில் கோலை இழுத்துப் பார்ப்பதுதான் சரியான முறை. அந்தப் பழக்கத்தோடு ட்ரை சம்ப் காரிடம் வருகிறவர் முதல் நாளே தடுமாறுவார். அது அவர் பிழை இல்லை, பழக்கத்தின் பிழை.

குளமும் வயலும்

இதை விளங்கிக்கொள்ள வன்னியில் பிறந்தவருக்குப் படம் கீறிக் காட்டத் தேவையில்லை. தாங்கி குளம். எஞ்சின் வயல். நடுவில் இருக்கும் பம்தான் துருசு, அதாவது குளத்து மதகு. வயலுக்கு வேண்டிய அளவு தண்ணீரைத் துருசு வழியாக விடுகிறோம். வயலில் வடிந்ததை இன்னொரு பம் போட்டு இறைத்துக் குளத்துக்கே திருப்பி அனுப்புகிறோம். வயலில் தண்ணீர் தேங்கவே கூடாது என்பதுதான் ட்ரை சம்பின் முழு நோக்கமும். அடிச்சட்டியில் ஒயில் நிற்காவிட்டால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அதற்குள் அடிபடாது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம் காற்றை இழுக்காது. சட்டியே மெல்லியதாக இருப்பதால் எஞ்சினை நிலத்தோடு தாழ்த்திப் பொருத்தலாம்.

பம்மில் ஒரே தண்டில் பல அடுக்கு இருக்கும். ஓர் அடுக்கு தாங்கியிலிருந்து எடுத்து எஞ்சினுக்குத் தள்ளும். மற்ற இரண்டோ மூன்றோ நான்கோ அடுக்குகள் சட்டியிலிருந்து இழுக்கும். ஸ்கவெஞ்ச் என்பது இவற்றைத்தான். இழுக்கும் அடுக்குகளின் மொத்தக் கொள்ளளவு தள்ளும் அடுக்கைவிடக் கூட இருக்கும், ஏனென்றால் சட்டியில் இருப்பது வெறும் ஒயில் அல்ல, காற்றும் நுரையும் சேர்ந்த கலவை.

ஓடும்போது எல்லாம் சரி. நிறுத்தியதும் துருசு பூட்டினாலும் ஒழுகும். பம்முக்குள் இருக்கும் பற்சில்லுக்கும் உடலுக்கும் நடுவே மயிர் அளவு இடைவெளி இருக்கிறது. தாங்கியில் ஒயில் மட்டம் பம்மைவிட அரை மீற்றர் உயரத்தில் நின்றால், அந்த உயரம் கொடுக்கும் அழுத்தம் சுமார் 0.6 பிஎஸ்ஐ. வாயால் ஊதினால் இதைவிடக் கூட வரும். ஆனால் இரவு முழுக்க விடாமல் தள்ளிக்கொண்டிருந்தால், அந்த இடைவெளியால் கசிந்து, பில்டரைத் தாண்டி, பெயாரிங்குகளின் வழியாகச் சொட்டிச் சொட்டிச் சட்டியை நிரப்ப அதுவே போதும்.

சூட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 10டபிள்யூ-40 வகை ஒயில் 100 பாகை செல்சியசில் இருப்பதைவிட 35 பாகையில் ஏழெட்டு மடங்கு தடிப்பு. அதனால் எஞ்சினை நிறுத்தியவுடன், ஒயில் இன்னும் கொதியாக இருக்கும் முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில்தான் இறக்கம் வேகமாக நடக்கும். பிறகு மெல்ல மெல்லக் குறையும். ஆனால் ஓகஸ்ட் மாதத்தில் தகரக் கூரைக் கராஜுக்குள் எதுவும் முழுதாக ஆறுவதில்லை. நுவரெலியாக் குளிரில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்குப் போய் நின்ற அதே கார் அங்கே ஓர் இரவில் இறக்கும் ஒயிலைப்போல இரண்டு மூன்று மடங்கைக் கிளிநொச்சியில் இறக்கினால் ஆச்சரியப்படாதீர்கள். பம்மில் பழுது என்று முடிவு கட்ட முதல் வெயிலையும் கணக்கில் சேருங்கள்.

பம் வேலை செய்யாதபோது இறங்கினால் என்ன, ஸ்டார்ட் பண்ணினால் திரும்பி வரும்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரும். ஆனால் வருவதற்கு முன் நடப்பதைப் பாருங்கள். ட்ரை சம்ப் சட்டி ஆழமில்லாதது. 50 சென்ரிமீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லீற்றர் ஒயில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். கிராங்கின் எடைக்கட்டிகளுக்கும் சட்டியின் அடிக்கும் இடையே இருப்பதே இரண்டு மூன்று சென்ரிமீற்றர். ஆக மூன்று லீற்றர் இறங்கியிருந்தால் கிராங்க் ஒயிலில் குளிக்கிறது. ஸ்டார்ட் பண்ணிய கணமே அது ஒயிலை அடித்து நுரையாக்கும், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி மேலே ஏற்றும், சீல்களைத் தள்ளும். படுத்த வாக்கில் சிலிண்டர் உள்ள எஞ்சின் என்றால் ஒயில் ரிங்கைத் தாண்டிச் சிலிண்டருக்குள்ளேயே போய் நிற்கலாம். அப்படி நிற்கும்போது ஸ்டார்ட்டரை அமத்தினால் வளைவது கொனெக்டிங் ரொட்.

நான் செய்த கூத்து

சொல்ல வெட்கம்தான். ஆரம்பத்தில், ஒரு போட்டி நாள் காலை, காரை இறக்கித் தாங்கியைப் பார்த்தேன். குறைவு. யோசிக்காமல் இரண்டு லீற்றர் விட்டேன். ஸ்டார்ட் பண்ணியதும் பின்னால் வெள்ளைப் புகை எழுந்தது. "குளிர்தானே, சரியாகிவிடும்" என்று நானே சமாதானம் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் சட்டியில் கிடந்ததெல்லாம் தாங்கிக்கு ஏறியது. குளம் வான் பாயத் தொடங்கியது. மூச்சுக் குழாயால் பாய்ந்த ஒயில் கழிவுக் கலனை நிரப்பி, அதன் மூடியால் வழிந்து, பின் ரயரில் கொட்டியது. அன்றைய முதல் ஓட்டத்தைக் காகிதத்தில் மட்டும்தான் ஓடினோம். ஒயிலைத் துடைக்க ஒரு மூடை மரத்தூள் போனது.

அன்றிலிருந்து எங்கள் கராஜில் ஒரு சட்டம்: ஆறிய எஞ்சினின் தாங்கி மட்டத்தைப் பார்க்கலாம், குறித்து வைக்கலாம், அதைப் பார்த்து ஒயில் விடக் கூடாது.

முதல் வேலை: அளத்தல்

எந்த வால்வும் வாங்குவதற்கு முன் உங்கள் கார் எவ்வளவு இறக்குகிறது என்று அறியுங்கள். இதற்கு வேண்டியது ஓர் அளவுகோல், ஒரு கொப்பி, ஒரு லீற்றர் போத்தல்.

தாங்கி நேரான உருளையாக இருந்தால் கணக்கு லேசு. உள் விட்டம் 20 சென்ரிமீற்றர் என்றால் 3.2 சென்ரிமீற்றர் உயரம் ஒரு லீற்றர். 15 சென்ரிமீற்றர் என்றால் 5.7 சென்ரிமீற்றர். கணக்கில் நம்பிக்கை இல்லாவிட்டால், வெறும் தாங்கிக்குள் லீற்றர் லீற்றராக ஒயிலை விட்டு, ஒவ்வொரு லீற்றருக்கும் கோலில் அரத்தால் ஒரு வெட்டுப் போடுங்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கும் தாங்கியில் கணக்கு கொஞ்சம் பிசகும், வெட்டு பிசகாது.

இனி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ஒயில் 80 பாகைக்குக் குறையக் கூடாது. ஐட்லில் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டத்தை எடுங்கள். மூடியைத் திறக்கும்போது கவனம்: உள்ளே ஒயில் சுழன்றுகொண்டு வருகிறது, முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், கையுறை போடுங்கள். பக்கத்தில் கண்ணாடிக் குழாய் வைத்த தாங்கி என்றால் திறக்கும் வேலையே இல்லை. சில தாங்கிகளில் ஓடும்போது நுரை அதிகமாகிப் பார்க்க முடியாது. அவற்றில் நிறுத்திய அரை நிமிடத்துக்குள் பாருங்கள். எந்த முறையோ ஒன்றைப் பிடியுங்கள், பிறகு மாற்றாதீர்கள். பழைய போர்ஷ 911 கார்களிலும் எஞ்சின் சூடாக, சம தரையில், ஐட்லில் ஓடும்போதுதான் ஒயில் மட்டம் பார்ப்பார்கள். சட்டகத்துக்குள் ஒயிலை வைத்திருக்கும் எக்ஸ்ஆர் 250 பாஹா ஓட்டுகிறவர்களும் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகே கோலைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சூடான மட்டம்தான் உங்கள் உண்மையான மட்டம். தாங்கியில் ஒரு கோடு போடுங்கள். தாங்கியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது காற்றுக்கு விட்டிருக்க வேண்டும். ஒயிலிலிருந்து காற்று பிரிவதற்கு அந்த இடம் தேவை.

பிறகு நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலத்தில், மறுநாள் காலையில், மூன்றாம் நாளில் என்று மூன்று தடவை மட்டம் எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். எங்கள் காரில் முதல் இரவு ஒன்றரை லீற்றர் இறங்கியது. மூன்றாம் நாள் மூன்றரை. இந்த இலக்கங்கள் உங்களுக்கு உதவாது, உங்கள் காரின் இலக்கம்தான் உதவும். ஒரு மாதம் கழித்து அதே ஓர் இரவில் மூன்று லீற்றர் இறங்கத் தொடங்கினால் பம் தேய்கிறது என்று அர்த்தம். கழற்றிப் பற்சில்லின் பக்க இடைவெளியை அளக்கும் நேரம் வந்துவிட்டது.

இடையில் ஒன்று. மட்டம் குறைந்தால் பதறுகிறோம், கூடினால் யாரும் பதறுவதில்லை. பெற்றோல் கிடைக்காத யுத்த காலத்தில் மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் சொட்டில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியவர்களுக்குத் தெரியும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயில் மட்டம் தானாகவே ஏறும். கையில் எடுத்துத் தேய்த்தால் தண்ணீர் மாதிரி வழுக்கும். ரேஸ் எஞ்சினிலும் பெற்றோல் கூடுதலாக விழுந்தால் இதே கதை. மெலிந்த ஒயில் பம் இடைவெளியால் இன்னும் வேகமாக இறங்கும். ஆகவே கோலைப் பார்க்கும்போது விரலால் தொட்டு, மணந்தும் பாருங்கள்.

காலையில் ஸ்டார்ட் பண்ணும் முறை

இது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியது. வரிசை மாறக் கூடாது.

சட்டியைக் காலி பண்ணுவதுதான் முதல் வேலை. இதற்கு இரண்டு வழி. ஏழை வழி, சட்டியின் வடி போல்ட்டைக் கழற்றிச் சுத்தமான பாத்திரத்தில் ஒயிலைப் பிடித்து, அளந்து எழுதி, மெல்லிய வலை வடியால் தாங்கிக்குள் திருப்பி விடுவது. வடி முக்கியம், நம் செம்மண் தூசு எதற்குள்ளும் போகும். இதில் ஒரு லாபமும் இருக்கிறது: ஒவ்வொரு காலையும் ஒயிலைக் கண்ணால் பார்க்கிறீர்கள். வெள்ளி மாதிரி மின்னினால் பெயாரிங் பேசத் தொடங்கிவிட்டது.

பணக்கார வழி, வெளியே பெல்ட்டில் ஓடும் பம் உள்ளவர்களுக்கு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பம்மின் தண்டை மின் துளைப்பானால் சுற்றுவது. பம் ஓடும் திசையை முன்கூட்டியே பெயின்ற்றால் அம்புக்குறி போட்டு வையுங்கள். மறுபக்கம் சுற்றினால் சட்டி காலியாகாது, எஞ்சினின் பாதைகளில் இருக்கும் ஒயிலையும் பின்னோக்கி இழுத்துவிடுவீர்கள். சரியான திசையில் சுற்றும்போது ஒரே தண்டில் எல்லா அடுக்கும் ஓடுவதால், சட்டியும் காலியாகிறது, எஞ்சினின் பாதைகளிலும் ஒயில் நிரம்புகிறது. அழுத்த மானியில் முள் எழும்பினால் வேலை முடிந்தது. பெல்ட்டை மறுபடி போட்டு இழுவையைப் பார்க்க மறக்காதீர்கள். இந்தப் பம் கிராங்கின் நிலையோடு ஒத்து ஓட வேண்டிய தேவை இல்லை என்பதால் பற்சில்லில் எந்தப் பல்லில் பெல்ட் விழுகிறது என்பது பெரிய விசயமில்லை, ரைமிங் பெல்ட் மாதிரிப் பயப்பட வேண்டாம்.

அப்புறம், தாங்கிக்குக் கீழே பூட்டும் வால்வு வைத்திருந்தால் அதைத் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், கையாலும் பாருங்கள். துளைப்பானால் சுற்றும் ஆள் இதைச் சுற்றுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். கொயிலின் இணைப்பையும் பெற்றோல் பம்மின் பியூசையும் எடுத்துவிடுங்கள். முதலில் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இறுகி நின்றால் நிறுத்துங்கள், சிலிண்டருக்குள் ஏதோ இருக்கிறது. லேசாகச் சுற்றினால் ஸ்டார்ட்டரால் பத்துப் பத்து விநாடியாக, நடுவே ஆறவிட்டுச் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் பெயாரிங்கில் பாரம் ஏறாது. ஒயில் அழுத்தம் தெரிந்த பிறகு பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணலாம்.

ஸ்டார்ட் ஆனதும் கண் அழுத்த மானியில்தான் இருக்க வேண்டும். சில விநாடியில் முள் எழும்பாவிட்டால் நிறுத்துங்கள், யோசனை பிறகு. எழும்பினால் ஐட்லைக் கொஞ்சம் உயர்த்தி மெல்லச் சூடாக்குங்கள். கோட்டில் மட்டம் நிற்கிறதா என்று சூடான பிறகு பார்ப்பதோடு காலை வேலை முடிகிறது. இப்போது குறைவாக இருந்தால், இப்போதுதான், அந்தப் பொடியனின் கலனைத் திறக்கலாம்.

வால்வு போடலாமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கடையில் கேட்டால் போடுங்கள் என்பார்கள். எங்கே போடுவது என்பதில்தான் எஞ்சினின் உயிர் இருக்கிறது.

தாங்கிக்கும் பம்முக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்த ஒருவழி வால்வைப் போடாதீர்கள். காரணம் லேசானது. அந்தப் பக்கத்தில் ஒயிலைப் பம்முக்குள் தள்ளுவது காற்றின் அழுத்தமும் கொஞ்சம் உயரமும் மட்டும்தான்; காற்றின் அழுத்தம் மொத்தமே 14.7 பிஎஸ்ஐ. அதில் இரண்டு மூன்று பிஎஸ்ஐயை ஸ்பிரிங் விழுங்கிவிட்டால், அதிக வேகத்தில் பம் பட்டினி கிடக்கும். ஒயிலுக்குள் குமிழி உண்டாகும், அழுத்த முள் ஆடும், பெயாரிங் போகும். பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களுக்கு இப்படி வால்வு போட்டு எஞ்சினைத் தின்னக் கொடுத்த கதைகள் நிறைய.

அதே வால்வைப் பம்முக்கு அடுத்த பக்கம், பம்முக்கும் பில்டருக்கும் நடுவே போட்டால் கதை வேறு. அங்கே பம் 60, 70 பிஎஸ்ஐ தள்ளுகிறது. இரண்டு மூன்று பிஎஸ்ஐ போனால் அதற்குத் தெரியவே தெரியாது. தாங்கியின் உயரம் கொடுக்கும் 0.6 பிஎஸ்ஐயால் அந்த ஸ்பிரிங்கைத் திறக்க முடியாது. ஹோசின் உள் விட்டத்தைவிட ஒடுங்காத வால்வாக எடுங்கள். அழுத்த மானியின் உணரியை வால்வுக்கு அடுத்த பக்கம், எஞ்சின் பக்கமாக வையுங்கள். இல்லாவிட்டால் வால்வு இறுகி நின்றாலும் மானி நல்ல செய்தியே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆனால் இதுவும் முழுத் தீர்வல்ல. பல அடுக்குப் பம்மில் ஒரே தண்டு எல்லா அடுக்கையும் ஊடறுத்துப் போகிறது. அந்தத் தண்டின் ஓரமாகத் தள்ளும் அடுக்கிலிருந்து இழுக்கும் அடுக்குக்கு ஒயில் கசிந்து, இழுக்கும் ஹோஸ் வழியாகப் பின்பக்கமாகச் சட்டிக்கு இறங்கலாம். வால்வு போட்ட பிறகும் அரை லீற்றர் இறங்குகிறதே என்று குழம்புகிறவர்கள் இந்தக் கள்ளப் பாதையை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் போட்ட பிறகும் அளக்க வேண்டும் என்கிறேன்.

எல்லாப் பாதையையும் அடைப்பது தாங்கியின் வாயிலேயே வைக்கும் கைவால்வு, உருண்டை வைத்த முழுத்துளை வால்வு. அது துருசின் பலகையை முழுதாக இறக்குவது மாதிரி. ஆபத்தும் அதில்தான். திறக்க மறந்து ஸ்டார்ட் பண்ணினால் சில விநாடிகளில் பெயாரிங் போய்விடும். எவ்வளவு கெட்டிக்காரனும் ஒருநாள் மறப்பான். வால்வின் பிடியில் ஒரு சின்ன மின்சுவிட்ச் வைத்து, முழுதாகத் திறந்தால் மட்டும் ஸ்டார்ட்டருக்கு மின் போகும்படி வயர் இழுங்கள். அது முடியாதவர்கள் எங்கள் முறையைப் பிடிக்கலாம்: வால்வைப் பூட்டியதும் கார்ச் சாவியை அந்தப் பிடியிலேயே கொழுவுவது. திறந்த நிலையில் பிடி அதிர்ந்து நகராமல் இரும்புக் கம்பியால் கட்டவும் வேண்டும்.

இன்னொரு தப்பெண்ணம். "பில்டருக்குள்ளேயே இறங்காமல் தடுக்கும் ரப்பர் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. அது பில்டரில் இருக்கும் ஒயில் பின்னோக்கிப் பம்முக்குத் திரும்பி வடியாமல் தடுக்கத்தான். நம் ஒயில் இறங்குவது முன்னோக்கி, ஓடும்போது போகும் அதே திசையில். அந்த ரப்பர் கதவைத் திறந்துவிட்டு வழி அனுப்பும்.

தாங்கி எங்கே இருக்கிறது?

புதிதாகக் கார் கட்டுகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்தால் பாதிப் பிரச்சினை இல்லை. தாங்கியின் அடி வாய் பம்மின் வாயைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் பம் தானாக நிரம்பும். ஆனால் கொஞ்சம்தான். உயரம் இரட்டித்தால் கசிவும் ஏறக்குறைய இரட்டிக்கும். எடைப் பகிர்வுக்காகத் தாங்கியைப் பின் பெட்டிக்குள் வைப்பது நல்லதே, ஆனால் ஹோஸ் நீளுகிறது. தாங்கியிலிருந்து பம்முக்கு வரும் ஹோசை ஏஎன் 16 அளவுக்கு (சுமார் ஓர் அங்குலக் குழாய்) குறையாமல் பாருங்கள், வளைவுகளைக் குறையுங்கள்.

திரும்பி வரும் ஹோஸ் தாங்கியின் மேற்பகுதியில், ஒயில் மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டாகச் சுழலும்படி நுழைய வேண்டும். மட்டத்துக்குக் கீழே நுழைய வைத்தால் நிறுத்தியதும் அந்த வழியாலும் குளம் வடியும். இந்தப் பிழையை நான் வேறொருவர் கட்டிய காரில் பார்த்தேன். ஓர் இரவில் தாங்கி வெறுமையாகிவிட்டது, அந்த மனிதர் பம்மை மூன்று தடவை மாற்றியிருந்தார்.

ஓடும்போதே மட்டம் குறைந்தால்

அது வேறு வியாதி. நிற்கும்போது குறைந்தால் துருசு ஒழுகுகிறது. ஓடும்போது, அதுவும் வேகம் ஏற ஏறக் குறைந்தால், ஒயில் மேலே சிலிண்டர் தலைக்குள் தேங்கிக் கீழே வடிய மறுக்கிறது. தலையில் வடிதுளைகள் இருக்கும். அதே துளைகளால் கீழிருந்து காற்றும் மேலே வர முயலும். பிஸ்டன் ரிங் தேய்ந்து அழுத்தம் கீழே கூடினால், மேலே ஏறும் காற்று கீழே இறங்கும் ஒயிலைத் தடுத்து நிறுத்திவிடும். போட்டியில் நீளமான ஒரு வளைவைத் தாண்டியதும் மட்டும் புகை வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வால்வு மூடியைக் கழற்றித் துளைகளைப் பாருங்கள். பாதித் தடவை அங்கே கிடப்பது யாரோ அள்ளிப் பூசிய சிலிக்கன் பசையின் துண்டுதான். வெளியால் வடிகுழாய் போடுவதானால் தொடர்ந்து சரிவாக இறங்கட்டும், நடுவில் தொங்கி வளைந்தால் அங்கே ஒயில் அடைத்துக்கொள்ளும். அதிகச் செலவு செய்யக்கூடியவர்கள் பம்மின் ஓர் இழுக்கும் அடுக்கைத் தலைக்கே ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் வருடத்தில் உங்களுக்கு அது வேண்டாம்.

நிறுத்தும்போதும் ஏற்றிப் போகும்போதும்

ஓட்டம் முடிந்து வந்ததும் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஓரிரு நிமிடம் ஐட்லில் விடுங்கள். தலையில் தேங்கியதும் சட்டியில் கிடப்பதும் தாங்கிக்குத் திரும்பட்டும். மட்டத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, பிறகு நிறுத்தி, கைவால்வைப் பூட்டுங்கள். சூடான முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில்தான் இறக்கம் அதிகம் என்று சொன்னேன் அல்லவா. ஆகவே "வீட்ட போய்ப் பூட்டலாம்" என்றால் பூட்டியும் பாதிப் பயன்தான்.

கழிவு ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் கலனில் சேருங்கள். கறையானுக்குப் பயந்து வேலித் தூணுக்குப் பூச அயலட்டையில் யாராவது கேட்டு வருவார்கள், அவர்களுக்கும் நிலத்தில் சிந்தாமல் பூசச் சொல்லுங்கள்.

லொறியில் ஏற்றிப் போகும்போது கார் எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறது என்று பாருங்கள். தாங்கி பின்னால் இருக்கும் காரை மூக்குக் கீழே, வால் மேலே என்று கட்டினால் உயர வித்தியாசம் கூடி, அனுராதபுரத்துப் பக்கம் போட்டி நடக்கும் சலியபுரக் கஜபா மைதானம் போய்ச் சேருவதற்குள் சட்டி நிரம்பிவிடும். மூக்கை மேலே வைத்துக் கட்டுங்கள். வால்வு பூட்டியிருக்கிறதா, பட்டி தளர்ந்திருக்கிறதா என்று முறிகண்டியில் நிறுத்தும்போது ஒருதரம் ஏறிப் பாருங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அங்கே போய் இறக்கியதும் யாராவது "சாவியைத் தாங்கோ, லொறியால இறக்கின கையோட ஓட்டிக்கொண்டு போய் விடுறன்" என்று வருவார். சாவி தாங்கி வால்வில் தொங்குகிறது, போய் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.